பதக்கத்தைக் கழுவியது குறித்து மச்சானுக்கு

புக்கிட் பாஞ்சாங்,
சிங்கப்பூர்.
அக்டோபர் 1986, செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் லாசரஸ் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை பிலோமினம்மாளின் கணவன் ஆம்ப்ரோஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது.

ஈப்போவில் தாங்களும் அக்காவும் மணப்பெண்ணான தங்கள் மகள் உர்சுலாவும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. மற்றதைக் கீழே எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு விண்ணப்பம். இதைத் தாங்கள் தனியாக இருந்து படிக்க வேண்டும். பிலோமினா அடுப்படியில் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து கொல்லைப் பக்கம் போய்விடுங்கள். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு அருகில் அவளுக்குத் தெரிய வேண்டிய செய்தி அல்ல இது.

வருகிற சனிக்கிழமை உர்சுலா கோயிலில் அணிந்து நிற்க வேண்டிய கெம்புப் பதக்கம் கறுத்துவிட்டது. கறுக்க வைத்தவன் நான்.

தங்கள் தாயாரின் பதக்கம் அது. குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் அதை அணிந்துதான் பீடத்தின் முன் நின்றிருக்கிறார்கள். ஆறு வயதிலேயே உர்சுலா அதைக் கழுத்தில் வைத்துப் பார்த்து, கழற்றமாட்டேன் என்று அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அதை நினைக்கும்போது பேனா நகர மறுக்கிறது. ஆனாலும் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வரிசையாகச் சொன்னால் எங்கே தவறினேன் என்பது எனக்காவது விளங்கும்.

கல்யாணப் பலகாரத்துக்காகப் பிலோமினா முன்னதாகப் புறப்பட்டபோது, இவ்வளவு அருமையான பொருளோடு தனியாகப் பஸ்ஸில் போய், ஜோகூரில் இறங்கிச் சோதனை முடித்து மறுபடி ஏறுவதற்குப் பயந்தாள். அதனால் அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சாவி என் கைக்கு வந்தது அதுவே முதல் தடவை. கொடுத்துவிட்டு, "நீங்க ரயில்ல வரும்போது கொண்டு வாங்க. பெட்டியைத் திறக்காதீங்க. பைக்குள்ள வெச்சு, பையை மடியில வெச்சுக்கிட்டு வாங்க, போதும்" என்றாள். நான் திறந்தேன். பெட்டிக்குள் பதக்கம் இருக்கிறதா என்று பார்க்காமல் வெறும் நம்பிக்கையில் ஒரு பெட்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோவது சரியாகப் படவில்லை. பார்த்துவிட்டு மூடியிருக்கலாம். ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, கற்களுக்கு நடுவே எத்தனையோ மணப்பெண்களின் பவுடரும் வியர்வையும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. மாப்பிள்ளையின் தாயார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நகையைப் பார்க்கிறவர் என்று தாங்களே எழுதியிருந்தீர்கள். அந்தக் கண்ணாடிதான் என் கண் முன்னால் வந்து நின்றது.

மச்சான், நான் அவசரப்பட்டவன் அல்லன். பள்ளியில் வேதியியல் கற்பித்தவன். அலமாரியில் பிலோமினாவின் முத்துச் சரமும் இருந்தது. அதையும் கையில் எடுத்தேன், ஆனால் முத்து மிகவும் மென்மையானது, புளிப்புப் பட்டால் கரையும், சோப்பில் ஊறினால் மெருகு போகும், கோத்திருக்கும் நூலும் தளரும் என்று அறிந்தவனாதலால் அப்படியே திருப்பி வைத்துவிட்டேன். கெம்பு அப்படியல்ல. வைரத்துக்கு அடுத்த கடினம் அதற்குத்தான். அமிலத்துக்கே அசையாத கல்லை வெதுவெதுப்பான தண்ணீர் என்ன செய்துவிடும்? இப்படித்தான் யோசித்தேன். இப்போதும் அந்த வாதத்தில் கல்லைப் பற்றிய பகுதியில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்துகிறது.

ஆனாலும் நேராகப் பதக்கத்தில் கை வைக்கவில்லை. முதலில் என் கல்யாண மோதிரத்தில் சோதித்தேன். அதிலும் ஒரு சிறு சிவப்புக் கல் உண்டு. பாத்திரம் கழுவும் சோப்பில் சில துளிகளை வெதுவெதுப்பான நீரில் கலந்து, ஊறவைத்து, குழந்தைகளுக்கான பல் துலக்கியால் மெல்லத் தேய்த்து, அலசித் துடைத்தேன். மோதிரம் புதியதுபோல் ஆயிற்று. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. அதே அளவு, அதே சூடு, அதே சோப்பு என்று பதக்கத்தை ஊறவைத்துவிட்டு நாளிதழ் படித்தேன். எடுத்துப் பார்த்தபோது தங்கம் பளபளத்தது. கற்கள் மாத்திரம், தண்ணீரில் விழுந்த கரிக்கட்டைபோல, ஒவ்வொன்றாக உள்ளிருந்து இருண்டுகொண்டிருந்தன. ஈரம் காய்ந்தால் தெளியும் என்று நினைத்து மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். தெளியவில்லை. நடுவில் இருக்கும் பெரிய கல் மங்குஸ்தீன் பழத்தோலின் கருநிறத்துக்கு வந்துவிட்டது.

அப்போது நான் செய்தது இன்னும் மோசம். பக்கத்து வீட்டு ஜைனப் வீட்டில் தலைமுடி உலர்த்தும் கருவி இருக்கிறது. தலையில் நாலு முடி உள்ளவன் அதைப் போய்க் கேட்டபோது அந்தப் பெண் என் தலையைப் பார்த்தாள், கருவியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் கொடுத்தாள். கருவியைத் தள்ளிப் பிடித்துத்தான் சூடான காற்றைக் காட்டினேன். கறுப்பு போகவில்லை. ஆனால் நடுக்கல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மச்சான், ஒரு கல் தானாகத் திரும்பி நம்மைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எழுத்தில் சொல்ல என்னால் ஆகாது.

உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்து மோதிரத்தையும் பதக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். மோதிரத்தின் பின்புறம் திறந்திருந்தது. கல்லின் அடியில் விரல் தெரியும்; தண்ணீர் போனாலும் வெளியே வந்துவிடும். பதக்கத்தின் பின்புறம் முழுவதும் தங்கத்தால் மூடியிருந்தது. மறுநாள் தேக்காவுக்குப் போய், சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடையில் காட்டினேன். தீபாவளிக் கூட்டம். கல்லாவில் இருந்தவர் பதக்கத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கடை முழுவதும் கேட்கும்படி, "ஏன் சார், ரசம் வெச்சீங்களா இதை?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி தெரியவில்லை. மூடிக் கட்டிய நகையில் கல்லுக்குப் பின்னால் மெல்லிய தகடு வைத்து அரக்கில் பதித்திருப்பார்களாம். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை, தகடு கறுத்துப்போயிற்று, சூட்டில் அரக்கும் இளகிற்று என்றார். கல்லைப் பிரித்துத் தகடு மாற்றித் திரும்பக் கட்ட வேண்டும், தீபாவளி கழித்துக் கொண்டு வாருங்கள் என்றவர், அதே மூச்சில் புதுப் பதக்கம் ஒன்றை எடுத்து என் மார்பில் வைத்துப் பார்த்தார். சனிக்கிழமை கல்யாணம் என்றேன். "அப்ப ராத்திரியில வெச்சுக்கச் சொல்லுங்க சார், கறுப்பு தெரியாது" என்றார். காலைப் பூசை என்று பதில் சொன்னேன். அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் எனக்கு ஒன்று தோன்றியது. பிலோமினா இந்தப் பதக்கத்தை வருஷத்துக்கு ஓரிரு தடவை வெளியே எடுப்பாள். கட்டிலில் உட்கார்ந்து, வாயால் ஊதி, உலர்ந்த மல் துணியால் கல் கல்லாக ஒற்றி எடுப்பாள். ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டமாட்டாள். நான் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இவளுக்கு முறையாகச் சுத்தம் செய்யத் தெரியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் நினைத்திருக்கிறேன். ஏன் தண்ணீர் படாமல் துடைக்கிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். வகுப்பில் கேள்வி கேட்கிறவனாகவே காலம் கழித்தவனுக்கு, விடை தெரியாத கேள்வியைக் கேட்கிற பழக்கம் இல்லாமற் போயிற்று. அந்தச் சிவப்பை நாம் எல்லாரும் கல்லின் சிவப்பு என்றுதான் புகழ்ந்தோம். பாதிச் சிவப்பு, பின்னாலிருந்த தகடு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியது. தகட்டை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. அவள் ஈப்போவுக்குப் போன பிறகு இந்த வீடும் எனக்கு அப்படித்தான் இருக்கிறது. சாமான் எல்லாம் வைத்த இடத்தில் உள்ளன, ஆனால் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. இதை அவளிடம் சொல்ல வேண்டாம். பயத்தில் எழுதிவிட்டேன்.

முடி உலர்த்தியைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் ஜைனபிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பதக்கத்தைப் பார்த்தாள். "அங்கிள், ஈரம்தானே? பச்சரிசி டின்னுல புதைச்சு வைங்க. அரிசி இழுத்துக்கும் லா. ஆனா சும்மா சும்மா திறந்து பாக்கக் கூடாது, ஆமா" என்றாள். புதைத்தேன். சும்மா சும்மா திறந்து பார்த்தேன். ஓரத்துச் சிறு கற்கள் சிலவற்றில் சிவப்பு திரும்பியிருக்கிறது, அல்லது திரும்பியதாக நான் நினைக்கிறேன். பெரிய கல் கறுப்பாகவே, சாய்ந்தபடியே இருக்கிறது. இரண்டு கற்களுக்கு நடுவே இப்போது ஒரு அரிசி மணியும் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை ஊசியால் எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று தங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டது நான்தான். தாங்கள் எடுப்பீர்கள் என்று நம்பினேன். பிலோமினா எடுத்தாள். "பதக்கம் பத்திரமா இருக்கா?" என்று முதல் வார்த்தையாகக் கேட்டாள். காய்ந்த இடத்தில் இருக்கிறது என்றேன். பொய் சொல்லவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன், அது பொய். பிறகு உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "உப்பு ஜாடி உங்க கண்ணு முன்னாலதான இருக்கும். என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆகையால் தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். பிலோமினாவிடம் தாங்களே பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். தாங்கள் சொன்னால் கோபப்பட்டாலும் உட்கார்ந்து கேட்பாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் பதக்கம் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். உர்சுலாவுக்கு வேறு ஏதாவது நல்ல நகை அணிவியுங்கள். கல் கறுத்தது மணப்பெண்ணுக்கு ஆகாது என்று யாராவது முணுமுணுத்தால், அது ஆம்ப்ரோஸ் மாமாவின் சோப்புத் தண்ணீர், வேறொன்றுமில்லை என்று குழந்தையிடம் அழுத்திச் சொல்லுங்கள். அவள் மனதில் ஒரு நிழல்கூட விழக் கூடாது. நான் கல்யாணத்துக்கு வரவில்லை. அந்தப் பீடத்தின் முன் பதக்கம் இல்லாத கழுத்தோடு அவள் நிற்பதைப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை. பதக்கத்தைத் தீபாவளி கழிந்ததும் பழுது பார்த்து, நம்பகமான ஆள் மூலம் அனுப்பி வைக்கிறேன். அந்த நம்பகமான ஆள் நானல்ல என்பதைத் தாங்கள் புரிந்துகொள்வீர்கள்.

மணமக்கள் நோய்நொடியின்றி, ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டு, முக்கியமாகக் கேட்க வேண்டியதைக் கேட்டு, நெடுநாள் வாழ ஆண்டவர் அருள்வாராக. அக்காவுக்கு என் வணக்கம். பலகார வேலையில் இருக்கும் எல்லாருக்கும் என் அன்பு.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஆம்ப்ரோஸ்

பின்குறிப்பு, புதன்கிழமை: இதைத் தபாலில் சேர்க்கப் போனேன். ஈப்போவுக்கு அடுத்த வாரம்தான் போய்ச் சேரும் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். பயத்தில் நான் தபாலுக்கு ஆகும் நாளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவசரமென்றால் தந்தி கொடுக்கலாமே என்றாள். கல்யாண வீட்டுக்குத் தந்தி வந்தால் பிரிக்கும் முன்பே அழத் தொடங்கிவிடுவார்கள் என்பதால் அதையும் விட்டேன். ஆகவே, வரமாட்டேன் என்று மேலே எழுதியதைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். இன்று இரவு ரயிலில் இந்தக் கடிதத்தையும் பதக்கத்தையும் நானே கொண்டு வருகிறேன். ஈப்போவிலும் கல் கட்டுகிறவர்கள் இருப்பார்கள், அங்கே தீபாவளிக் கூட்டம் குறைவாக இருக்கலாம், வெள்ளிக்கிழமை ஒரு முழு நாள் நமக்குக் கிடைக்கிறது. பிலோமினாவிடம் தாங்கள் சொல்ல வேண்டும் என்றதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதை நான்தான் சொல்ல வேண்டும். அப்படியானால் இந்தக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நேரில் நின்றால் எனக்கு வார்த்தை வராது என்பது தங்களுக்கே தெரியும். இதைத் தாங்கள் படிக்கும்போது நான் தங்கள் எதிரில்தான், பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பேன். படித்து முடித்ததும் எதுவும் பேச வேண்டாம். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்ததாகப் பிலோமினாவிடம் நீட்ட வேண்டும், வேறு பிரதி எழுத நேரமில்லை.