வரி ஒன்றில் பிழையாம், தம்பி

கடல்மேல் இருக்கும் அருமைத் தம்பிக்கு, கரைமேல் இருக்கும் உன் அக்கா ஆயிரம் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அத்தான், என் மாமனார் மூவரும் இறைவன் அருளால் நலம். நீ கப்பலில் நலமாக இருக்க இரண்டு வேளையும் வேண்டிக்கொள்கிறேன். உன் போன் கிடைக்கவே இல்லை. அதனால் இந்தக் கடிதத்தைக் கப்பல் கம்பெனி ஆபீசில் கொடுக்கிறேன். அடுத்த துறைமுகத்தில் உன் கைக்கு வந்துவிடுமாம். மூவரும் நலம் என்று மேலே எழுதியது மரியாதைக்காக. நடந்ததை இனிமேல்தான் எழுதப் போகிறேன்.

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றபோது நீ ஒன்று செய்து கொடுத்தாயே, படத்தைத் தொட்டால் உன் குரலில் பேசுமே, அந்த லேப்டாப் பன்னிரண்டு நாளுக்கு முன் மேசையிலிருந்து விழுந்து உயிரை விட்டது. தட்டிவிட்டது யார் என்று நான் சொல்லமாட்டேன், சொன்னால் அத்தான் வருத்தப்படுவார். முதல் இரண்டு நாள் மாமா இடது கையை ஆட்டி ஆட்டிக் கேட்டுப் பார்த்தார். தண்ணீர் கேட்டால் ஜன்னலைத் திறந்தோம். ஜன்னலைச் சாத்தச் சொன்னால் போர்வை போர்த்தினோம். மூன்றாம் நாள் கேட்பதையே விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தட்டில் வைத்ததில் பாதி அப்படியே திரும்பி வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் டீச்சரம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “பேசணும்ங்கற ஆசையே விட்டுப்போச்சுன்னா அப்புறம் நான் வந்தும் பிரயோசனமில்லம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் எனக்கு எப்படி இருப்புக்கொள்ளும்?

அத்தான் வேறு லேப்டாப் வாங்கி வந்தார். நீ பென் டிரைவில் கொடுத்துப் போனதையெல்லாம் அதில் ஏற்றினேன். எந்தப் புதுப் பக்கத்தையும் நான் வெறுமனே தொடங்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். எழுத்துக் கோப்புகள் பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்து, தலையில் ‘இறைவா, இதுவும் உன் பொறுப்பு’ என்று எழுதிச் சேமித்தேன். குரல் கோப்பு ஒன்றைத் திறந்தேன், பேய் கிறுக்கியது மாதிரி இருந்தது, கும்பிடு போட்டு மூடிவிட்டேன். அப்புறம் பார்த்தால் நீ எழுதியதில் சில வரிகள் உள்ளே தள்ளிக் கோணலாக நிற்கின்றன. சின்ன வயதிலிருந்தே உனக்கு ஓரம் ஒட்டி நேராக எழுத வராது. கூடப் பிறந்த குற்றத்துக்கு நான்தான் எல்லாவற்றையும் இழுத்து நேராக்கினேன்.

பிறகு நீ எழுதி வைத்த சீட்டின்படி கறுப்புத் திரையைத் திறந்து, கோப்புகளையெல்லாம் ஒன்றாகச் சேர்க்குமே, அந்த ‘மேக்’ கட்டளையை அடித்து என்டர் தட்டினேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது. நிதானமாக அடித்தேன், பணிவாக அடித்தேன், கோபமாகவும் ஒரு தடவை அடித்தேன். உன் அத்தான் பின்னால் நின்று, “என்னவாம்?” என்றார்.

“நான் கேட்டது இல்லையாம்.”

“ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணு.”

“நாலு தடவை பண்ணிட்டேன்.”

“அப்ப கொஞ்ச நேரம் ஆஃப்லயே விட்டு வை.”

இவரை வைத்துக்கொண்டு நான் குடும்பம் நடத்துகிறேன். அகராதியை மடியில் போட்டுக்கொண்டு திரையில் வந்த இங்கிலீஷை இரண்டு நாள் படித்ததில், மேக் என்பதையே தனியாக ஏற்ற வேண்டும் என்று புரிந்தது. ஏற்றினேன். உடனே, ‘முதல் வரியில் பிழை, பிரிக்கும் குறி இல்லை, நிறுத்துகிறேன்’ என்றது. முதல் வரியில் என்ன இருக்கிறது? நான் ஆண்டவனுக்கு எழுதியது இருக்கிறது! “அதான் தெளிவா சொல்லுதே, அத அழிச்சுடேன்” என்றார் அத்தான். “வரச்சொல்லிக் கூப்பிட்டுட்டு வாசல்ல நிக்க வைக்கச் சொல்றீங்களா?” என்றேன். “சரி, பென் டிரைவுலேர்ந்து மறுபடி ஏத்து, புதுசா ஆரம்பிக்கலாம்” என்றார். ஏற்றலாம் என்று பார்த்தால் உன் கோப்பு ஒன்றையும் காணோம். முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டு இருக்கிறது. “காலியா இருக்குன்னு நெனச்சேன்” என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. இந்த வீட்டில் அன்று பேசாதவர்கள் இரண்டு பேர்.

ஒரு நோட்டுப் போட்டேன். இடப்பக்கம் வந்த பிழை, வலப்பக்கம் தீர்ந்த பிழை. லேப்டாப் விழுந்த எட்டாம் நாள்வரை வலப்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. ஒன்பதாம் நாள் காலை விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்து, உன் கோப்பை எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஒன்பதாம் வரியில் ‘அக்கா, இதற்குக் கீழே எதையும் தொடாதே’ என்று எழுதியிருக்கிறாய். (தொட்ட பிறகுதான் பார்த்தேன்.) அதுவும் தமிழ், என் வரியும் தமிழ். உன் தமிழைப் பொறுத்துக்கொள்ளும் மிஷினுக்கு என் தமிழ் மட்டும் ஏன் கசக்கிறது? உற்றுப் பார்த்தேன். உன் வரிக்கு முன்னால் நம்பர் குறி (#) ஒன்று இருந்தது. அதே மாதிரி என் வரிக்கு முன்னாலும் ஒன்று போட்டேன். வாய் மூடிக்கொண்டது! ஆக, அந்தக் குறி போட்டால் மிஷின் படிக்காது, மனிதர் படிக்கலாம். ஆண்டவனும் படிப்பார். மற்றக் கோப்புகளில் நீ அதே வேலைக்கு இரட்டைச் சாய்கோடு போட்டிருப்பதைக் கண்டுபிடித்து, அங்கெல்லாம் சாய்கோடு போட்டேன். ஒருத்தரையும் வெளியே அனுப்பவில்லை.

அடுத்து பதினான்காம் வரியில் அதே பிழை. அது நான் இழுத்து நேராக்கிய வரி. பழையபடி உள்ளே தள்ளினேன். ஸ்பேஸ் நாலு வைத்தேன், ஆறு வைத்தேன், எட்டு வைத்தேன், ஒத்துக்கொள்ளவில்லை. வெறுத்துப்போய் டேப் பட்டனை ஒரு தட்டுத் தட்டினேன் பார், பிழை பதினான்காம் வரியை விட்டுப் பதினேழுக்கு நகர்ந்தது! கோணல் என்று உன்னைத் திட்டியதற்கு இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்; கையெழுத்து விஷயத்தில் கேட்கவில்லை. இன்று மத்தியானம், பன்னிரண்டாம் நாள், திரை கிடுகிடுவென்று ஓடி ஒரு பிழையும் சொல்லாமல் நின்றது. முதல் படத்தைத் தொட்டேன். “அம்மாடி, இங்க வா” என்று உன் குரல் அடுக்களைவரை கேட்டது. மாமா இப்போது தூங்குகிறார். எழுந்ததும் பேசப் போகிறார், தம்பி. அவர் என்ன கேட்டாலும் இன்றைக்குக் கொடுத்துவிடுவது என்று இருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. கடல் காற்றில் காதை மூடிக்கொள். உன்னையும் உன் கப்பலையும் சுமக்கிற தண்ணீரையும் சேர்த்து இறைவன் காக்கட்டும்.

இப்படிக்கு,
பாசமுள்ள அக்கா

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே என் சாமர்த்தியத்தைப் பற்றி இருப்பதையெல்லாம் படிக்காதே. மாமா எழுந்தார், லேப்டாப் பெட்டியை முன்னால் வைத்தோம், டீ படத்தைத் தொட்டார். “பாத்ரூம் போகணும்” என்றது உன் குரல். அத்தான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். மறுபடி டீயைத் தொட்டார், மறுபடி பாத்ரூம். வரிகளை நேராக்கிய கையோடு படங்களின் பட்டியலை அகர வரிசையில் அழகாக அடுக்கிய நான், குரல்களின் பட்டியலை அடுக்கவில்லை; அதனால் ஒரு படத்தைத் தொட்டால் இன்னொன்றின் குரல் வருகிறது. ‘அம்மாடி’ மட்டும் எப்படியும் முதலில் வந்ததால் தப்பித்திருக்கிறது. மிஷின் இதை ஒரு பிழையாகவே சொல்லவில்லை! எனக்கு இது உறைப்பதற்குள் மூன்றாவது தடவை ஆகிவிட்டது. “வாங்கப்பா, போலாம்” என்று அத்தான் கையைப் பிடித்தார். மாமா அந்தக் கையை உதறினார். நாலு மாதமாக ஒரு சொல் வராத வாயைக் கோணிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, “டீ... டா!” என்றார்.

அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்பா, இன்னொரு தடவை திட்டுங்கப்பா” என்கிறார். டீச்சரம்மாவுக்குப் போன் போட்டால், “பெட்டிய ஒரு வாரத்துக்கு யாரும் சரி பண்ணிடாதீங்க, நாளைக்குக் காலையிலேயே வர்றேன்” என்று அவரே கத்துகிறார். நான் ஓடிப்போய் டீ போட்டுக் கொண்டுவந்தேன். மாமா ஒரு வாய் குடித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். மெதுவாக, முழுசாக, “சக்கர” என்றார்.

அந்தப் பிழையை மட்டும் உடனே திருத்திவிட்டேன்.