இரண்டு மணிப் பல் டாக்டர்

இல்லாத ஒரு மனிதரை உண்டாக்குவது பெரிய வேலையில்லை. உண்டாக்கிய பிறகு அவரைக் கட்டி மேய்ப்பதுதான் கஷ்டம். நான் ஒரு பல் டாக்டரை உண்டாக்கினேன். அவரால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் வீட்டை விட்டு நகராமல், மொழி கற்றுத்தரும் கம்பெனி ஒன்றுக்காகக் கம்ப்யூட்டர் வழியே தமிழ் சொல்லிக்கொடுப்பது என் உத்தியோகம். கம்பெனி எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. மாணவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நான் மட்டும் சாமான் அறையில் இருக்கிறேன். துணி காயும் ஸ்டாண்டுக்கும் சூட்கேஸ்களுக்கும் நடுவே ஒரு மேஜை, ஒரு லேப்டாப், சாய்ந்தால் படுக்கையாகிவிடும் ஒரு நாற்காலி. கதவுக் குமிழில் ஓர் அட்டை தொங்கும்: 'வகுப்பு நடக்கிறது. தொந்தரவு செய்ய வேண்டாம்.'

கம்பெனியின் இணையப் பக்கத்தில் என் படம் உண்டு. படத்துக்குக் கீழே என்னுடைய நேரங்கள் கட்டம் கட்டமாக இருக்கும். யாராவது பதிவு செய்தால் கட்டம் சிவப்பு. காலியாக இருந்தால் பச்சை. மத்தியானம் இரண்டு முதல் மூன்று வரை மட்டும் எப்போதும் பச்சைதான். அந்த நேரத்தில் பாதி உலகம் ஆபீசில் இருக்கிறது, மீதி உலகம் தூங்குகிறது. அந்த ஒரு மணி நேரம் இலவசம் என்று கம்பெனி அறிவித்துப் பார்த்தது. அப்போதும் ஈ, காக்காய் வரவில்லை. நானும் மீதி உலகத்தோடு சேர்ந்து தூங்க ஆரம்பித்தேன்.

என் மனைவிக்கு முதியோர் இல்லம் ஒன்றில் காலை ஷிப்ட். விடிவதற்கு முன் கிளம்பினால் ஒன்றரைக்குத் திரும்புவாள். சாப்பிடுவோம். சாப்பிட்டு முடித்ததும் தொட்டி நிறையப் பாத்திரங்கள் எங்கள் இருவரையும் பார்க்கும். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

"எங்க எந்திரிச்சிட்டீங்க?"

"ரெண்டு மணி கிளாஸ்."

"ரெண்டு வாரமா தினமுமா?"

"தினமும்."

"யாரு அது?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. அன்று எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. வாயில் இருந்தது வாயில் வந்துவிட்டது.

"ஒரு பல் டாக்டர்."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். என் மனைவியைப் பற்றி நினைக்காமல் நினைத்துவிட்டேன். அவளுக்கு மனிதர்கள் மேல் தீராத ஆர்வம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் முழங்கால் ஆபரேஷன் வரை தெரிந்துகொண்டுதான் இறங்குவாள். சாயங்காலம் டீ டம்ளரை நீட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"பல் டாக்டருக்கு எதுக்குங்க தமிழ்?"

"அவர்கிட்ட வர்றதுல பாதிப் பேர் நம்ம ஆளுங்க."

"வாயைத் திறந்து வச்சிருக்கறவங்ககிட்ட என்ன பேச முடியும்?"

"மூடினப்புறம் பேசலாம்ல?"

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"தனி ஆளு."

"ஏன்?"

"கேக்கல."

"ரெண்டு வாரமா ஒரு மனுஷன்கிட்ட பேசறீங்க, இதைக்கூடவா கேக்கல? பாவம், துணைக்கு யாருமே இல்லையா?"

"ஒரு நாய் இருக்கு. கிழட்டு நாய்."

"ஆளு எப்படி இருப்பாரு?"

"தாடி வச்சிருப்பாரு."

"எது வரைக்கும் படிச்சிருக்காரு?"

"உயிரெழுத்து."

"ரெண்டு வாரமாவா?"

"ஔகிட்ட நின்னுட்டாரு."

அந்த வாரமே இன்னொரு நாள், டாக்டர் மழமழவென்று ஷேவ் செய்துகொண்டு வந்ததாகப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். "தாடி என்னாச்சு?" என்றாள் உடனே. "சில நாள் வைப்பாரு, சில நாள் எடுத்துடுவாரு" என்று சமாளித்தேன். மறுநாள் கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கி, டாக்டரைப் பற்றி அவளிடம் சொன்னதையெல்லாம் குறித்து வைத்தேன். 'தாடி: சில நாள் மட்டும். நாய்: ஒன்று, கிழம். கை: இடது.' நிஜமான மாணவர்கள் நாற்பது பேருக்கு நான் நோட்டு போட்டதில்லை.

அடுத்த திங்கட்கிழமை. இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். நாற்காலியைச் சாய்த்துவிட்டு லேப்டாப்பைப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மணிக் கட்டம் சிவப்பு!

யாரடா இது என்று திறந்தேன். மாணவர் படம் இருக்கும் இடத்தில் ஒரு பல்லின் படம் இருந்தது. தொழில் என்ற இடத்தில், பல் மருத்துவர்.

நான் கட்டிவிட்ட பொய் தானாகவே நடந்து வந்து கதவைத் தட்டுகிறது. எந்த ஊர்க்காரர்? நிஜமாகவே தாடி உண்டா? பயத்தைவிட ஆர்வம்தான் அதிகமாக இருந்தது. இணைப்பை அழுத்தினேன். கேமரா இல்லை. குரலும் இல்லை. எழுத்து மட்டும் வந்தது.

'வணக்கம் ஐயா. மைக் பழுது. கேமராவும் பழுது. வீட்டு வேலைச் சொற்கள் வேண்டும். உங்கள் கம்பெனி முறைப்படி செய்து காட்டவும்.'

கம்பெனி முறை என்று ஒன்று உண்டு. வினைச்சொல்லுக்கு அர்த்தம் சொல்லக் கூடாது, கேமரா முன்னால் செய்து காட்ட வேண்டும். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவருக்காக நான் இந்த அறையில் குதித்திருக்கிறேன். செய்து காட்ட மறுத்ததாக மாணவர் புகார் கொடுத்தால் ஒரு கறுப்புப் புள்ளி. இரண்டு புள்ளி விழுந்தால் வேலை காலி. 'ஓடு' என்பதை உட்கார்ந்தபடியே நடத்தியதற்காக எனக்கு ஏற்கெனவே ஒரு புள்ளி விழுந்திருந்தது.

ஆகவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். ஒரு டம்ளரைக் கழுவிக் காட்டினேன்.

'ஒருமை புரிந்தது. பன்மை காட்டவும்.'

எல்லா டம்ளர்களையும் கழுவினேன்.

'நிகழ்காலம் புரிந்தது. எதிர்காலத்துக்குத் தட்டுகள் இருக்கின்றன.'

தட்டுகளையும் கழுவினேன்.

'அடுப்புக்குப் பின்னால் பழுப்பாக இருப்பது என்ன?'

"அது அழுக்குங்க."

'அதை நீக்கும் வினைச்சொல்?'

தேய்த்தேன். பல் டாக்டர்களுக்கு இடுக்குகளில்தான் கண் போகும் என்று மனசுக்குள் பாராட்டவும் செய்தேன். அந்த நேரம் பார்த்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, சமையல்கட்டுல?"

"உஷ்! டாக்டர் லைன்ல இருக்காரு!"

"ஐயையோ, நான் தொந்தரவு பண்ணல. ரூமுக்குப் போயிடறேன். நீங்க நல்லா சொல்லிக்குடுங்க." செல்போனை எடுத்துக்கொண்டு, பூனைபோல் அடிமேல் அடி வைத்துப் படுக்கையறைக்குள் போய்விட்டாள். இவ்வளவு மரியாதை தெரிந்த மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நெகிழ்ந்துபோனேன்.

செவ்வாய்க்கிழமை 'பெருக்கு'. புதன்கிழமை 'துடை'. என் தூக்கம் போனது போனதுதான். ஆனால் அந்த மனிதர் யார் என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. வியாழக்கிழமை, துணி மடித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டேன்.

"ஐயா, உங்க வீட்டுல நாய் இருக்கா?"

'உண்டு. கிழம்.'

சட்டை கையிலிருந்து நழுவியது.

"தாடி?"

'சில நாள் உண்டு. சில நாள் இல்லை.'

என் நோட்டில் இருந்தது அப்படியே வருகிறது! எனக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டேன். அடுத்ததாக, வாடகை வாங்காத வீட்டுக்காரர் ஒருவரை உண்டாக்கிப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. 'வாணலி. அடிப்பக்கம் முழுவதும்' என்று எழுதிவிட்டு டாக்டர் மௌனமானார். நான் தேய்த்தேன். "தெரியுதுங்களா?" என்றேன். பதில் இல்லை. திடீரென்று, பழுதான அந்த மைக்கிலிருந்து ஹெட்போனில் ஒரு சத்தம் வந்தது. சின்னதாக இரண்டு, பெரிதாக ஒன்று, கடைசியில் ஒரு விசில்.

குறட்டை.

வாணலியோடு நின்றுவிட்டேன். இந்த விசிலை எனக்குப் பதினாறு வருஷமாகத் தெரியும்.

ஹெட்போனைக் கழற்றினேன். அதே விசில் படுக்கையறையிலிருந்தும் வந்தது. போய்ப் பார்த்தேன். கதவு லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சின்மேல் செல்போன். தலையணைமேல் தூக்கி வைத்த கால்கள். விடியற்காலையிலிருந்து ஷூவுக்குள் இருந்து வீங்கிய கணுக்கால்களில் சாக்ஸ் பதிந்த கோடு இன்னும் போகவில்லை. நான் சாமான் அறையில் தூங்கிய மத்தியானங்களில் எல்லாம் இந்தக் கால்கள் தொட்டியடியில்தான் நின்றிருக்கும். வெட்கமாக இருந்தது. சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன். குமிழில் என் அட்டை தொங்கியது: 'வகுப்பு நடக்கிறது. தொந்தரவு செய்ய வேண்டாம்.'

திரும்பிப் போய் வாணலியை முடித்தேன். மூன்று மணிக்குச் சோம்பல் முறித்துக்கொண்டு வந்தாள்.

"டாக்டர் எப்படி இருக்காருங்க?"

"தூங்கிட்டாரு."

"பாவம், விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கற ஆளு."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"உங்க போட்டோவுக்குக் கீழ ரெண்டு மணி பச்சையாவே இருந்துச்சே. டாக்டர் வந்தா சிவப்பாகணும்ல?"

நான் அசடு வழிந்தேன். பிறகு, ஆண்மகனுக்குரிய பெருந்தன்மையோடு சமாதானத்துக்கு வந்தேன். "தப்புதான். இனிமே டாக்டரும் வேண்டாம், கிளாஸும் வேண்டாம். ஒரு நாள் நான் தூங்கறேன், ஒரு நாள் நீ தூங்கு. நாளையிலிருந்து ஆரம்பிக்கலாம்."

"நாளைக்கு எப்படிங்க முடியும்? நாளைக்கு ஜன்னலாச்சே."

ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தேன். வருஷக் கடைசி வரைக்கும் இரண்டு மணி சிவப்பாக இருந்தது.