தட்டு ஏந்தியவரின் கடைசி வசனம்

ஆம்ப்ரோஸ் டிவெல் என்ற பெயரை ஹில்டா கிளெக் முதன்முதலில் கேட்டது அவர் வாயாலேயேதான். ஓல்டம் ஊரில், நாடகக்காரர்களுக்கு அறை விடும் தன் வீட்டு வாசலில், மழையில் நின்றபடி அவர் அதை இரண்டு முறை சொன்னார். முதல் முறை சொன்னபோது அவள் மயங்கி விழவில்லை என்பதால்.

இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தின் நுனியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, தேர் நிலைக்கு வந்ததும் "அப்பாடா!" என்று முதலில் வியர்வையைத் துடைப்பவர் இருக்கிறாரே, அவரேதான். இவர் மேடைக்குப் போனார், அவ்வளவுதான்.

தம் தாத்தா மேடையில் ராஜாவாக வாழ்ந்தவர் என்பார் டிவெல். ஹில்டாவிடம் அந்தக் கதை நடக்குமா? டிவெல் வீட்டுப் பெண்ணைத்தான் அவளுடைய சின்ன மாமனார் கட்டியிருந்தார். அந்தக் குடும்பத்துக்கு ராச்டேலில் பன்றி இறைச்சிக் கடை. தாத்தா ஏறிய மேடை, கொக்கியில் இறைச்சி மாட்டும் ஏணி.

பேரனுக்கு வாய்த்தது தட்டு. பிரபு வீட்டு வேலைக்காரராக வந்து, டீயை வைத்துவிட்டுப் போக வேண்டும். போவாரா? தட்டை வைப்பார், கூரையைப் பார்ப்பார், இறந்துபோன மனைவி ஒருத்தியை நினைத்துக்கொள்வார் (நாடகத்தில் அப்படி ஒருத்தி கிடையாது), பெருமூச்சு விடுவார், பிறகுதான் "டீ தயார், அம்மா" என்பார். அதற்குள் டீ ஆறிவிடும்.

"மௌனத்துலதான் அம்மணி நடிப்பே இருக்கு. வசனம் எவன் வேணா பேசுவான்" என்பார் ஹில்டாவிடம்.

"உங்களுக்குக் குடுத்ததே மூணு வார்த்தை. அதையும் பேசாட்டி எப்படி ஐயா?"

சினிமாவிலும் நடித்தார். போலீஸ்காரர், பாதிரியார், டிக்கெட் பரிசோதகர், மறுபடியும் போலீஸ்காரர். படம் வந்தால் விடுதியில் இருக்கும் அத்தனை பேரையும் கொட்டகைக்கு இழுத்துப்போவார்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!"

"எதை ஐயா?"

"கதவைத் தொறந்ததே, அந்தக் கை!"

"கை நல்லாத்தான் இருக்கு. மிச்ச ஆளு எங்க?"

"மிச்சத்தையும் காட்டினா அப்புறம் கதாநாயகனை எவன் பாப்பான்?"

இப்படியே தலை நரைத்தது. லண்டன் மேடை மட்டும் வாய்க்கவில்லை. அறுபதை நெருங்கும்போது ஒரு புது நாடகம் வந்தது. வேலைக்காரர் வேடந்தான், ஆனால் நாடகத்தின் கடைசி வசனம் இவருடையது. எஜமானி அழுது ஓய்ந்த பிறகு ஜன்னலோரம் போய், "மழை விட்டுடுச்சு, அம்மா" என்று சொல்ல வேண்டும், திரை விழ வேண்டும். முதல் நாள் ஆட்டத்துக்கு லண்டன் கொட்டகை முதலாளி வருவதாகப் பேச்சு. டிவெலுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஊர் நாடகக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வசனத்தை ஒத்திகையில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் நாடகம் விளங்காது. ஆகவே ஒத்திகைதோறும் டிவெல் ஜன்னலோரம் போவார், வாயை மூடிக்கொண்டு நிற்பார், திரைக்கயிறு பிடிக்கும் சிட் ஆக்டன் திரையை இறக்குவான்.

முதல் நாள் வந்தது. எஜமானி அழுது ஓய்ந்தாள். டிவெல் ஜன்னலோரம் போனார். சட்டென்று சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்வாரா? ஆயுள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த மௌனத்தையெல்லாம் கொட்டிக் கவிழ்த்தார். கூரையைப் பார்த்தார். அந்த இல்லாத மனைவியை நினைத்தார். பெருமூச்சு விட்டார். வாயைத் திறந்தார்.

திரை விழுந்துவிட்டது.

"அடப்பாவி! வசனம் சொல்லலையேடா!"

"நீங்க என்னைக்கு அண்ணே அங்க வாயைத் தொறந்தீங்க? தினமும் அங்கதானே இறக்குறேன்!"

மறுநாள் காலை, வறுத்த ரொட்டியும் முட்டையும் முன்னால் ஆறிக்கொண்டிருக்க, டிவெல் குழந்தை மாதிரி அழுதார். ஹில்டாவுக்கே மனசு கேட்கவில்லை.

"அழாதீங்க ஐயா. எங்கிட்ட சொல்லுங்க, நான் கேக்குறேன்."

அவர் எழுந்தார். தட்டை ஏந்தினார். ஜன்னலோரம் போய் நின்றார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அடுப்பில் கெட்டில் கூவியது, அவள் எழுந்து போய்விட்டாள்.

அந்நேரம் பத்திரிகை வந்தது. 'ஒரு சொல்லும் பேசாமல் கிழப் பணியாள் நிற்கும் அந்த முடிவு நெஞ்சைப் பிழிந்தது' என்று எழுதியிருந்தது. டிவெல் கண்ணைத் துடைத்துக்கொண்டார், முட்டையைச் சாப்பிட்டார், ஹில்டாவின் முட்டையையும் சாப்பிட்டார்.

"நேத்து ராத்திரியே தோணிச்சு அம்மணி. வேணும்னுதான் பேசாம விட்டேன்."

நாடகத்தை எழுதியவர் அந்த வசனத்தையே அடித்துவிட்டார். நாடகம் லண்டன் போனது. டிவெலும் போனார், வசனம் போகவில்லை. அந்த மௌனம் தம் சொந்தக் கற்பனை என்று அங்கே பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். சிட் ஆக்டன் பெயரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன கல்யாணத்தில், யாரோ சமைத்ததைப் பந்தியில் பரிமாறிவிட்டு, "சாப்பாடு எப்படி?" என்று கேட்டுப் பாராட்டை வாங்கிக்கொண்டது யார் என்று மட்டும் யோசித்துக்கொண்டே சிரியுங்கள்.

ஆம்ப்ரோஸ் டிவெல் இப்போது பிரைட்டனில், வயதான நடிகர்களுக்கான இல்லத்தில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார். மழை விட்டதும் எழுந்து உட்கார்வார். அவர் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் வந்து திரையை இழுத்துவிடுகிறாள்.