மெழுகுவர்த்திக்கு இருபத்திரண்டு விதிகள்

சாப்பாட்டு மேசையின் நடுவிலிருந்து ஜன்னல் திரைச்சீலை வரை அளந்து பார்த்ததில் தொண்ணூற்றேழு சென்டிமீட்டர்தான் வந்தது.

"மூணு சென்டிமீட்டர் குறையுது," என்றார் ஜாக்கிரதையார், டேப்பைக் கையிலிருந்து விடாமல்.

"மேசையை இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்களேன்," என்றாள் அவர் மனைவி.

"தள்ளினா புத்தக அலமாரி கிட்ட வந்துடும். ஆறாவது விதி என்ன சொல்லுது? எரியக்கூடிய பொருள் எதுவும் ஒரு மீட்டருக்குள்ள இருக்கக் கூடாது."

"அந்த விதியை எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்ப தொண்ணூத்தேழுன்னு மாத்திட்டாப் போச்சு."

"அச்சாயிடுச்சும்மா. ரெண்டாயிரம் பிரதி!"

ஜாக்கிரதையார் அந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் விழிப்புணர்வுப் பிரிவு அதிகாரி. இருபத்தாறு வருட சர்வீஸில் ஒரு தீயைக்கூட நேரில் பார்த்தவர் இல்லை. மற்றவர்கள் வண்டியில் ஏறிப் போய்த் தீயை அணைப்பார்கள். இவர் பள்ளிக்கூடம், அலுவலகம், குடியிருப்போர் சங்கம் என்று போய், அது வராமல் இருப்பதற்கு வழி சொல்வார். பேச்சை 'ஜாக்கிரதை' என்று ஆரம்பித்து 'ஜாக்கிரதை' என்றே முடிப்பதால் நிலையத்தில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அவர் வயதுக்கு மரியாதை கொடுத்து ஒரு 'யார்' சேர்த்தது மட்டும் நம் கைங்கரியம்.

மறுநாள் காலை நகர மன்றத்தில் அவர் எழுதிய 'வீட்டில் மெழுகுவர்த்தி: பாதுகாப்பாக ஏற்றும் முறைகள்' என்ற கையேட்டைத் தலைமை அதிகாரியே வந்து வெளியிடுகிறார். மொத்தம் இருபத்திரண்டு விதிகள். அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்திக் கொடுத்தவள் மனைவிதான். கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாம் நல்லா இருக்கு. நீங்க எப்பவாவது ஒண்ணு ஏத்தியிருக்கீங்களா?"

ஜாக்கிரதையார் தலையைச் சொறிந்தார். அந்த வீட்டுக்குள் மெழுகுவர்த்தி காலடி எடுத்து வைத்ததே இல்லை. மின்சாரம் போனால் டார்ச். டார்ச் போனால் இன்னொரு டார்ச்.

"வர்ற நம்ம கல்யாண நாளுக்கு ஒரே ஒரு மெழுகுவத்தி. அதுக்கு எதிரும் புதிருமா நீங்களும் நானும் உக்காந்து சாப்பிடணும். இருபத்தஞ்சு வருஷத்துல உங்ககிட்ட வேற ஏதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில் நாலைந்து அவருக்கு உடனே நினைவுக்கு வந்தன. சொல்லாமல் இருக்கும் அளவுக்கு அனுபவம் இருந்தது.

கல்யாண நாள் பார்த்து வெளியீட்டுக்கு முதல் நாளாக வந்து தொலைத்தது. சொந்த வீட்டில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற முடியாதவன் நாளைக்கு எந்த முகத்தோடு மேடை ஏறுவது என்று அவருக்கே உறைத்துவிட்டதால், சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"நம்ம நிலையத்து ஆளுங்க காதுக்கு மட்டும் இது போகக் கூடாது. இப்பத்தான் முதல் தடவையா ஏத்தறேன்னு தெரிஞ்சா, நாளைக்கு முதல் வரிசையில உக்காந்து சிரிச்சே என்னைக் கொன்னுடுவானுங்க. மூச்சு விடக் கூடாது, ஆமா."

"நான் எதுக்குங்க மூச்சு விடப் போறேன்?" என்றாள் அவள்.

ஆக, இப்போது மூன்று சென்டிமீட்டர் குறைகிறது.

ஜாக்கிரதையார் நாற்காலி மேல் ஏறித் திரைச்சீலையைக் கழற்றினார். திரைச்சீலை வந்தது. அதோடு கம்பியும் வந்தது. கம்பியோடு சுவரிலிருந்து ஒரு கை அகலத்துக்குக் காரையும் வந்தது.

"நான் சொல்லல?" என்றாள் மனைவி.

"நீ ஒண்ணும் சொல்லலையே."

"மனசுக்குள்ள சொன்னேன்."

திரை போனதும் ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று வருவது தெரிந்தது. எட்டாவது விதி: காற்றோட்டம் படும் இடத்தில் ஏற்றக் கூடாது. பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பை எடுத்து ஜன்னலின் நான்கு பக்கமும் இரண்டு சுற்று ஒட்டினார். மின்விசிறியை நிறுத்தினார். ஐந்தே நிமிடத்தில் இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

அடுத்து, எரியக்கூடிய பொருள்கள் ஒவ்வொன்றாக அப்புறப்படுத்தப்பட்டன. மேசை விரிப்பு, சோபா மெத்தைகள், செய்தித்தாள், காலண்டர், மிதியடி, அலமாரியிலிருந்த அத்தனை புத்தகங்கள் எல்லாவற்றையும் சுமந்து வாசல் கதவருகே குவித்தார். குவியல் கதவின் கைப்பிடி வரை ஏறிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் மேசை நின்றுகொண்டிருந்தது.

"இது மரமாச்சே!" என்றார் திடுக்கிட்டு.

"இருபத்தஞ்சு வருஷமா மரம்தாங்க."

"எரியாத, ஆடாத அடிப்பாகம் வேணும். மூணாவது விதி." சொல்லிக்கொண்டே பெரிய அலுமினியத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வெளியே போவதற்கே புத்தகக் குவியலில் ஏறி இறங்க வேண்டியிருந்தது.

எதிர்ச் சந்தில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை அவர் அள்ளிக்கொண்டிருந்தபோது, மாடியில் குடியிருக்கும் டெய்லர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணே, மணல் எல்லாம் அள்றீங்க? வீட்டுல ஏதாவது கட்டறீங்களா?"

"சாப்பிடப் போறோம்," என்றார் ஜாக்கிரதையார்.

டெய்லர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் உள்ளே போகவும் இல்லை.

மணல் ஈரமாக இருந்ததால் தொட்டி இரண்டு ஆள் கனம் கனத்தது. மூச்சு வாங்க அதை மேசையில் இறக்கியபோது மேசை ஒரு முறை முனகியது. தொட்டியின் நடுவே மெழுகுவர்த்தியை ஊன்றிவிட்டு உட்கார்ந்து பார்த்தாள் மனைவி. தொட்டியின் விளிம்புதான் தெரிந்தது.

"இதுக்குள்ள மெழுகுவத்தி இருக்குன்னு எனக்குத் தெரியும். எட்டிப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

"பாதுகாப்பு முக்கியமா, பார்க்கிறது முக்கியமா?"

"சரி, ஏத்துங்க. பசிக்குது."

"திரி!" என்று கையை உயர்த்தினார் ஜாக்கிரதையார்.

ஐந்தாவது விதியின்படி திரி கால் அங்குலம்தான் இருக்க வேண்டும். நீளத் திரி புகை கக்கும். அவர் நகவெட்டியை எடுத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஒரு வெட்டு வெட்டினார். ஸ்கேலை வைத்துப் பார்த்தார். கொஞ்சம் அதிகம். இன்னொரு வெட்டு. இப்போது வலப்பக்கம் சாய்வு. சமன் செய்ய மூன்றாவது வெட்டு. திரி இருந்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும் மிஞ்சியது. அதைத் தோண்டி வெளியே எடுக்கப் போய் மெழுகுவர்த்தி இரண்டாகப் பிளந்தது. இரண்டாவது மெழுகுவர்த்திக்கும் அதே கதிதான்.

"மூணு வாங்கி வெச்சேன். இதுதான் கடைசி," என்று மனைவி மூன்றாவதை நீட்டினாள். "இதைத் தொட்டீங்க, அப்புறம் நான் எங்கம்மா வீட்டுக்குப் போய் ஏத்திக்கிறேன்."

அவள் குரலில் சிரிப்பு இல்லாததை ஜாக்கிரதையார் கவனித்தார். விருந்துக்குப் போவதற்கென்று வைத்திருக்கும் நீலப் புடவையை அவள் கட்டியிருந்ததையும், அது வியர்வையில் நனைந்து போயிருந்ததையும் அப்போதுதான் பார்த்தார்.

"இல்லம்மா, இப்ப ஏத்திடறேன். ஒரே ஒரு விதிதான் பாக்கி."

பதினான்காவது விதி: தீயணைக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சமையலறையிலிருந்து சிவப்பு சிலிண்டரைக் கொண்டுவந்து மேசைக் காலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஆபத்து நேரத்தில் கைப்பிடியைப் பூட்டியிருக்கும் பின்னைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதால் அதை முன்கூட்டியே உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மனைவியை ஒரு மீட்டர் தள்ளி உட்காரச் சொன்னார். கூந்தல் எரியும், புடவை எரியும். எனவே அவள் அலமாரியோடு ஒட்டி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இவர் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தார். ரயிலுக்குக் காத்திருக்கும் முன்பின் தெரியாத இரண்டு பேர் போலிருந்தார்கள்.

"கல்யாண நாள் வாழ்த்துகள்," என்று உரக்கச் சொன்னார், அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று.

"ஏத்துங்க!" என்றாள் அவள், அங்கிருந்தே.

மேசை அருகே போய்த் தீக்குச்சியை உரசினார். பற்றவில்லை. பெட்டியை ஈர மணல் மேல் வைத்திருந்தார். அடுத்த குச்சியின் தலை கழன்று விழுந்தது. மூன்றாவது குச்சியை அழுத்தி உரசுவதற்காக முழங்கையை மேசையில் ஊன்றினார்.

இத்தனை நேரம் பொறுத்துக்கொண்டிருந்த மேசை, கால் ஒன்றை மடக்கியது.

தொட்டி சரிந்தது. ஜாக்கிரதையார் பாய்ந்து பிடித்தார். பிடித்தது காற்றைத்தான். தொட்டி நேராகப் போய்ச் சிலிண்டரின் கைப்பிடி மேல் குப்புற உட்கார்ந்தது.

அந்தப் பின் சட்டைப்பையில் இருந்ததல்லவா? சிலிண்டர் 'புஸ்ஸ்ஸ்' என்று வெள்ளைப் பொடியைக் கக்க ஆரம்பித்தது. அவர் தொட்டியைத் தூக்குவதற்குள் அறை முழுக்க வெள்ளை. அவர் வெள்ளை, அலமாரி வெள்ளை, மடியிலிருந்த சாப்பாடு வெள்ளை. தூசி புகுந்ததும் வீட்டிலிருந்த நான்கு புகை அலாரங்களும் ஒரே நேரத்தில் வீறிட்டன.

"வெளியே ஓடு!" என்று கத்தினார் ஜாக்கிரதையார்.

"எப்படி? வாசல் முழுக்கப் புத்தகம்!" என்று இருமினாள் மனைவி. "ஏங்க, அந்த முதல் விதி என்னங்க?"

'வெளியேறும் வழியில் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது' என்பதே முதல் விதி. ஜாக்கிரதையார் ஜன்னலுக்குப் பாய்ந்து பழுப்பு டேப்பை நகத்தால் பிய்த்து, ஒரு வழியாக ஜன்னல் கதவைத் திறந்தார். பொடியெல்லாம் மேகமாக வெளியே கிளம்பி மேலே ஏறியது.

"ஐயோ, புகை! தீ! தீ!" என்று மாடியிலிருந்து டெய்லரின் குரல் கேட்டது.

"தீ இல்ல! யாரும் நிலையத்துக்குப் போன் பண்ணாதீங்க!" என்று சொல்வதற்காக ஜாக்கிரதையார் தலையை வெளியே நீட்டினார். சரியாக அந்தத் தலையில் ஒரு பக்கெட் தண்ணீர் வந்து இறங்கியது. பொடியும் தண்ணீரும் சேர்ந்து அவரைக் களிமண் பொம்மையாக்கின.

"பண்ணாதீங்க..." என்று இன்னொரு முறை ஆரம்பித்தார்.

அதற்குள் தெருவில் சைரன் கேட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாளைய மேடை, தலைமை அதிகாரி, முதல் வரிசைச் சிரிப்பு எல்லாம் கண் முன்னால் வந்து போயின. வாசல் கதவை யாரோ தோளால் இடித்துத் தள்ளும் சத்தமும் புத்தகங்கள் சரியும் சத்தமும் கேட்டன. குழாயைப் பிடித்துக்கொண்டு நான்கு வீரர்கள் உள்ளே நுழைந்தார்கள். முன்னால் வந்தவர் வண்டி டிரைவர், இருபது வருடப் பழக்கம். களிமண் பொம்மையை உற்றுப் பார்த்து அடையாளம் கண்டு, விறைப்பாக சல்யூட் அடித்தார்.

"தீ எங்க சார்?"

"தீயெல்லாம் இல்லப்பா."

"மெழுகுவத்தி சாஞ்சுடுச்சா?"

"இன்னும் ஏத்தவே இல்லப்பா," என்றார் ஜாக்கிரதையார். அழுகை வரும்போல் இருந்தது.

வீரர்கள் கூரையைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சமாளித்தார்கள்.

முதலில் சிரித்தவள் மனைவிதான். ஆரம்பித்தவளுக்கு நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே தரையில் கொட்டிக்கிடந்த மணலை ஒரு மேடாகக் கூட்டினாள். கடைசி மெழுகுவர்த்தியைத் தேடி எடுத்துத் துடைத்து அதன் நடுவில் ஊன்றினாள். சமையலறையிலிருந்து வேறு தீப்பெட்டி கொண்டுவந்தாள். ஒரே குச்சி. பற்றிக்கொண்டது.

சுடர் ஆடாமல் நின்றது. ஜாக்கிரதையார் பழக்கதோஷத்தில் மனதுக்குள் சரிபார்த்தார். அடியில் மணல். சுற்றிலும் ஒரு மீட்டருக்கு ஒரு துரும்பு இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் தீயணைக்கும் கருவிக்குப் பதிலாகத் தீயணைப்பு நிலையமே நின்றுகொண்டிருந்தது. எதிரே வெள்ளைப் பூச்சு முகத்தோடு அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த வெளிச்சத்தில் அவள் மிக அழகாக இருந்தாள். இதை இத்தனை வருடம் பார்க்காமல் விட்டோமே என்று அவருக்கு வருத்தமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

"நல்லா இருக்கும்மா," என்றார்.

"அதைத்தானே நானும் இருபத்தஞ்சு வருஷமா சொல்றேன்."

சட்டென்று அவருக்கு ஒரு கணக்கு உதைத்தது. சுவர்க் கடிகாரத்தைப் பொடி துடைத்துப் பார்த்தார். அலாரம் அலறி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நிலையத்திலிருந்து இந்தத் தெருவுக்கு வண்டி வர ஒன்பது நிமிடம் ஆகும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

எழுந்துபோய் ஜன்னல் வழியே மேலே பார்த்துக் கத்தினார். "டெய்லர்! நீதானே போன் பண்ணினே?"

"சத்தியமா நான் இல்ல அண்ணே! என் கையில பக்கெட்தான் இருந்துச்சு!"

ஜாக்கிரதையார் டிரைவர் பக்கம் திரும்பினார். "அப்ப யாருய்யா கூப்பிட்டது? எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தீங்க?"

டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அம்மா காலையிலயே போன் பண்ணிட்டாங்க சார். 'இன்னைக்கு அவர் மெழுகுவத்தி ஏத்தப் போறாரு, கொஞ்சம் பக்கத்துலயே இருங்க'ன்னாங்க. சாயங்காலம் ஆறு மணியிலேர்ந்து தெருமுனையிலதான் நிக்கிறோம்."