நரி திருப்பிக் கொண்டுவந்த மிக்ஸி

ஒரு காட்டில், வீட்டில் எது கெட்டுப்போனாலும் ஆள் கூப்பிடாத கரடியார் ஒருவர் இருந்தார். பெயர் சென்னியப்பன். செல்போனில் ஒரு கிளி ரிப்பேர் சொல்லிக்கொடுக்கும் வீடியோவைப் பார்ப்பார், ஸ்க்ரூடிரைவரை எடுப்பார், எல்லாவற்றையும் கழற்றிவிடுவார். திரும்ப மாட்டி முடிக்கும்போது கையில் கொஞ்சம் ஸ்க்ரூ மிச்சமிருக்கும். "கம்பெனிக்காரன் வெட்டியா போட்டு வெச்சிருக்கான் பாரு" என்று டப்பாவில் போட்டுவிடுவார்.

சும்மா சொல்லக்கூடாது, எல்லாம் ஓடத்தான் செய்தது. எப்படி ஓடியது என்பது அவர் பெண்டாட்டி பூவாத்தாளுக்கு மட்டும்தான் தெரியும். ஃபேன் சுற்ற வேண்டுமானால் குச்சியால் தள்ளிவிட வேண்டும். மிக்ஸி அதைவிட மகாராணி. பிளக்கில் தீக்குச்சி செருகி, ஜாரை இடது பக்கம் சாய்த்து, மூடிமேல் முழங்கையை ஊன்றி, வயிற்றால் முட்டுக்கொடுத்தால்தான் மனசு இரங்கும். அப்போதும் தேங்காய்ச் சட்னி பாதி சட்னியாகவும் பாதி தேங்காயாகவும் வரும். குட்டிக் கரடி துப்பித் துப்பித் தின்னும்.

"ஏனுங்க, புதுசு ஒண்ணு வாங்கலாமுங்க."

"ஓடற மிக்ஸி இருக்கையில புதுசு எதுக்கு புள்ளே? கிளி சொன்னபடியேதான பண்ணியிருக்கேன்."

"அப்ப அந்தக் கிளியவே வந்து அரைச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

ஒருநாள் ஓடையில் துணி துவைத்துவிட்டு வந்தால், கதவு திறந்து கிடக்கிறது, மிக்ஸியைக் காணோம். பூவாத்தாள் ஊர் பார்க்கத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். உள்ளுக்குள், சிவப்பு வாங்கலாமா பச்சை வாங்கலாமா என்று ஓடிக்கொண்டிருந்தது. கரடியாரும் வேறு வழியில்லாமல், "நாளைக்குச் சந்தைக்குப் போயி வாங்கியாறேன்" என்றார்.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போன நேரம், கொல்லைக் கதவில் ஒரு நரி நின்றது. தலையில் மிக்ஸி.

"கோவிச்சுக்காதீங்க்கா, எடுத்துட்டுப் போனது நாந்தான். ஓடாத சாமானத் திருடிட்டு வந்து நிக்கறயேன்னு வூட்டுல எனக்குச் சோறே போடல. இந்தாங்க, நீங்களே வெச்சுக்குங்க."

பூவாத்தாளுக்குப் பகீரென்றது. வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டால், புது மிக்ஸி இந்த ஜென்மத்தில் கிடையாது.

"திருடறவனுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டாமாப்பா? நல்லா ஓடும். ஓட்டத் தெரியோணும், அவ்வளவுதான்."

நரியை உள்ளே இழுத்துத் தீக்குச்சியிலிருந்து சொல்லிக்கொடுத்தாள்.

"எனக்கு வயிறு பத்தலீங்க்கா."

"பொண்டாட்டியக் கூட நிறுத்திக்க."

பூவாத்தாளும் ஒரு கை கொடுக்க, மிக்ஸி கடகடவென்று ஓடியது. நரிக்குக் கண் கலங்கிவிட்டது. மிக்ஸியோடு ஒரு தீப்பெட்டியும் கொடுத்து, வேலி தாண்டி அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், வாசலில் கரடியார் தலை துவட்டிக்கொண்டு நிற்கிறார்.

"மிக்ஸி சத்தமாட்டக் கேட்டுதே?"

"பக்கத்து வூட்டுலீங்க. புதுசாட்டிருக்குது. எத்தன பதமா ஓடுது பாத்தீங்களா?"

கரடியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஈரத்தலையோடு சந்தைக்குப் போய், கடையிலேயே பெரிய மிக்ஸியாகப் பார்த்து வாங்கிவந்தார். சிவப்பு. அன்றைக்குச் சட்னி வெண்ணெய் மாதிரி வந்தது. குட்டி தட்டையும் சேர்த்து நக்கியது.

நீதி: திருடனைப் பிடித்துக் கொடுப்பவளுக்குப் பழைய மிக்ஸி கிடைக்கும், திருடனுக்குச் சொல்லிக் கொடுப்பவளுக்குப் புது மிக்ஸி கிடைக்கும்.