கடுகளவு ஓட்டை

மும்பையில் முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளத் தெரியாத ஒரே மனிதன் எங்கள் 'காது'தான். நேருக்கு நேர் போய் நின்றால் யாரோ எவரோ என்று விழிப்பான். பக்கவாட்டில் வந்து, தலையைச் சாய்த்து, உங்கள் காதை இரண்டு விநாடி பார்த்துவிட்டால் போதும், "ஏல, நீயா!" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைப்பான். ரிஜிஸ்டரில் அவனுக்கு ஒழுங்கான பெயர் ஒன்று இருந்தது. அட்டெண்டன்ஸ் எடுக்கிற மேடமே இரண்டாவது மாதத்தில் அதை மறந்துவிட்டார்.

செம்பூரில் ஒரு கல்லூரியின் மூன்றாவது மாடியில் எங்கள் வகுப்பு. டிஜிட்டல் ஸ்கல்ப்டிங் அண்ட் மாடலிங் என்று பெயர். கம்ப்யூட்டருக்குள் களிமண் பிசைகிற படிப்பு. மாட்டுங்காவிலிருந்து ஆயுள் முழுக்க ஆபீசுக்குப் போய்வந்த என் அப்பாவிடம் இதை விளக்கியபோது, "பொம்மை பண்ணக் கத்துக்கறதுக்குக் காலேஜா? பண்ணினதைக் கையிலயாவது பிடிச்சுப் பார்க்கலாமோ?" என்றார். முடியாது, திரையில்தான் பார்க்கலாம் என்றேன். அதற்கப்புறம் அவர் என் படிப்பைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

முதல் நாளே மேடம் ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார். முதல் வாரம் கண், இரண்டாவது வாரம் மூக்கு, அப்புறம் வாய், அப்புறம் காது. ஐந்தாவது வாரத்திலிருந்து முழுத் தலை. கடைசியில் ப்ராஜெக்ட்: நிஜமான ஒரு மனிதரின் தலை, எந்தப் பக்கம் சுழற்றினாலும் அவர்தான் என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் புது வெர்ஷன் நம்பர் போட வேண்டும், பழசை அழிக்கக் கூடாது. உருவத்துக்குத் தோலாக ஒரு வலை இருக்கும், மெஷ் என்பார்கள். அதில் ஓட்டையே இருக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டு உள்ளே இறங்கக் கூடாது. இறங்கினால் பத்து மார்க் போச்சு. இந்தக் கடைசி விதிக்கு மேடம் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார்.

முதல் வாரம் நாங்களெல்லாம் கண் கொண்டுபோனோம். அவன் காது கொண்டுவந்தான்.

"யே க்யா ஹை?" இது என்ன என்றார் மேடம்.

"கான் ஹை, மேடம்." காது என்றான்.

"ஆங்க் கஹான் ஹை?" கண் எங்கே என்று கேட்டார் மேடம்.

"கான் அபி பூரா நஹீ ஹுவா, மேடம்." காதே இன்னும் முடியவில்லையாம்.

மூக்கு வாரத்திலும் காது. வாய் வாரத்திலும் காது. நான்காவது வாரம் காகிதத்திலேயே காது என்றுதான் இருந்தது. இந்தத் தடவையாவது பையன் தப்பித்தான் என்று வகுப்பே நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு வெறுங்கையோடு வந்தான். "சரியா வரல மேடம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

ரயிலிலும் இதே கூத்துதான். ஹார்பர் லைன் வண்டியில் கதவோரம் நின்றுகொண்டு ஆண்களின் காதுகளைப் போனில் படம் எடுப்பான். ஒருநாள் குர்லா தாண்டியதும் ஒருவர் அவன் சட்டையைப் பிடித்து ஓர் அறை விட்டார். கூட்டம் சூழ்ந்துகொண்டு போனைப் பிடுங்கிப் பார்த்தது. நானூறு காதுகள். வேறு எதுவும் இல்லை. ஒருவர், "டாக்டரா?" என்று மெதுவாகக் கேட்டார். அறைந்தவர் தன் காதைத் தொட்டுக்கொண்டே, "மேரா கைசா ஹை?" என்றார், என்னுடையது எப்படி என்று. நம் 'காது' கன்னத்தைத் தடவிக்கொண்டே அவருடைய காதைச் சுற்றிப் பார்த்து, "மடல் ஒட்டிக்கிடக்கு, நமக்கு ஆவாது" என்று என்னிடம் சொன்னான். நல்லவேளை, அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது.

இறங்கியதும் அவனைக் கிங்ஸ் சர்க்கிளுக்கு இழுத்துக்கொண்டு போய், காபி வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். "என்னடா பைத்தியம் இது? வேற வேலையே இல்லையா நோக்கு?"

"தம்பி காதத் தேடுதேம்ல" என்றான்.

அவன் தம்பி செல்வம், இரண்டு வயது இளையவன். தாராவியில் அவர்கள் குடும்பத்துக்குத் தையல் பட்டறை. நாங்கள் வகுப்பில் சேருவதற்கு முந்தைய வருஷம், ஒரு காலையில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே போன செல்வம் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் போலீஸ் கூப்பிட்டது. ரயிலிலிருந்து விழுந்த உடல் ஒன்று ஆஸ்பத்திரியில் இருந்தது. போன் இல்லை, பர்ஸ் இல்லை. முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லி, துணியின் ஓரத்தை மட்டும் தூக்கிக் காட்டினார்கள். ஒரு காதும் நீலக் கட்டம் போட்ட சட்டையின் காலரும் தெரிந்தன. சீக்கிரம் சொல்லு என்றார்கள். தம்பிதான் என்று சொல்லிவிட்டான். அன்றே எரித்தும் விட்டார்கள்.

"அம்மா ஒத்துக்கல. அந்தச் சட்ட எங்க சந்துல தச்சது. எக்ஸ்போர்ட்ல கழிச்சு விட்டதுன்னு ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டோம். நாப்பது பேரு போட்டிருக்கான். சட்டய வச்சா எம்புள்ளய எரிச்சிட்டு வந்தன்னு கேட்டா. நான் வாய் தவறி, சட்டய வச்சு இல்லம்மா, காத வச்சுன்னுட்டேன். அப்போ காது எப்படி இருந்துச்சு, சொல்லுன்னா. எனக்குச் சொல்லத் தெரியலல."

"போட்டோ இல்லையா?"

"எல்லாத்துலயும் முடி. ஸ்டைலுன்னு காத மூடி வளத்திருந்தான். இருவது வருசம் ஒரே பாயில படுத்தோம், ஒருநாளு அவன் காதப் பாத்திருப்பனா? அன்னைக்கு ஆஸ்பத்திரில பாத்த காது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். அதைச் செஞ்சு காட்டுதேன். அவ பெத்தவ, அவ சொல்லட்டும்."

அவன் அம்மா மகனின் படத்துக்கு மாலை போட விடவில்லை. காணாமல்போன அந்தப் போன் நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவா ஆமான்னு சொன்னா?"

"தம்பி செத்துட்டான்."

"இல்லைன்னா?"

"எவனுக்கோ கொள்ளி வச்சிருக்கேன். தம்பி எங்கயோ இருக்கான்."

"நோக்கு எது வேணும்டா?"

பில் கொண்டுவந்தவரின் காதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து என் கேலி நின்றது. பதிலுக்கு என் இடது காது போயிற்று. நானூறு காதுகளைச் சலித்து, "உன் எடது காது முக்காவாசி வருதுல" என்று முடிவு செய்துவிட்டான். எனக்கு அற்பப் பெருமை. லேபில் பக்கவாட்டில் திரும்பி உட்காருவேன். கழுத்தில் தொங்கும் இன்ச் டேப்பால் சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரியே என் காதை அளப்பான். முடி விழுந்தால் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவான். அந்தக் குடுமியோடு நான் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காதில் சீழுக்கு நல்ல மருந்து இருப்பதாகச் சொன்னார்.

வெர்ஷன் நம்பர் நூறைத் தாண்டியது, நூற்றைம்பதையும் தாண்டியது. என் கண்ணுக்கு எண்பதிலேயே காது முடிந்துவிட்டது. அவனுக்கு மட்டும் முடியவே இல்லை. கடைசியில் சண்டையெல்லாம் ஒரே ஓர் இடத்தில் வந்து நின்றது. காதுக்கு முன்னால், கன்னம் தொடங்குகிற இடத்தில், கடுகளவு ஓர் ஓட்டை. ஒரு வெர்ஷனில் வைப்பான், அடுத்ததில் மூடுவான்.

"இருந்த மாதிரித்தான் இருக்குல. இல்ல, அடிபட்டதா? இல்ல, நானா நெனச்சுக்கிட்டதா?"

வெறும் குழியாகச் செய்தால் பொய்யாகத் தெரிகிறது என்று மெஷ்ஷையே திறந்துவிட்டான். அது 186. பயலுக்குத் திறமை போதாமல் இல்லை, முடிப்பதற்குப் பயம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முடித்தால் அம்மாவிடம் காட்ட வேண்டும். மேடம் தேதி குறித்திருக்காவிட்டால் இன்றைக்கும் செய்துகொண்டிருப்பான்.

ப்ராஜெக்ட் காட்டுகிற நாள் வந்தது. தலையில்லாமல் பாஸ் கிடையாது, காதையாவது சுத்தமாகக் கொடு என்று மேடம் அவன் ஃபைலைப் பரிசோதித்தார். கம்ப்யூட்டர் அந்த ஓட்டையைச் சிவப்புப் புள்ளியாகக் காட்டியது. "ஃபில் கரோ", அதை மூடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் ஒரு மடையன். "மூடிடுடா, பத்து மார்க்காவது மிஞ்சும்" என்றேன். ஒரு பட்டனை அழுத்தி மூடினான். வெர்ஷன் 187.

அவன் அம்மா தாராவியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். இஸ்திரி போட்ட புடவை, கையில் துணிப்பை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, பெரிய டி.வி. திரையில் எங்கள் தலைகள் ஒவ்வொன்றாகச் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தலை வந்தது. அதை எந்தப் பக்கம் சுழற்றினாலும் உருளைக்கிழங்காகத்தான் தெரிந்தது. அப்புறம் அவன் முறை. கழுத்தில்லை, கன்னமில்லை, திரை முழுக்க ஒரே ஒரு காது மெல்லச் சுழன்றது. வகுப்பே சிரித்தது. அவன் அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"நிப்பாட்டுல."

நிறுத்தினான். தையலைச் சரிபார்க்கிற கண்ணோடு அவர் மேலிருந்து கீழாகப் பார்த்தார். "மேல் வளைவு சரி. மடலும் சரி" என்று முணுமுணுத்தார். பிறகு பார்வை காதுக்கு முன்னால் போய் நின்றது. அங்கேயே நின்றது. திடீரென்று அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஏல, இது அவன் இல்லல! அவனுக்குப் பொறந்தப்பமே காதுக்கு முன்னால கடுகு மாதிரி ஒரு ஓட்ட உண்டு. இதுல எங்க இருக்கு? நீ பாத்தது எவனையோ! எம்புள்ள இருக்காம்ல!"

தமிழ் தெரியாதவர்கள்கூட அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டே பேர். அவன் கை மவுஸின் மேல் இருந்தது. "விட்டுடுடா" என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கெஞ்சினேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை. ஐந்து நிமிஷம் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஃபைல்கள் இருக்கும் இடத்துக்குப் போய் 186-ஐத் திறந்தான்.

"இதாம்மா நான் பாத்தது. மார்க்குக்காவ இன்னைக்குக் காலைல மூடிட்டேன்."

அதே காது. முன்னால் கடுகளவு ஓட்டை.

அவர் கத்தவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போய், ஆள்காட்டி விரலை அந்த ஓட்டையின் மேல் வைத்து மூடினார். "குளிப்பாட்டும்போது இதுக்குள்ள தண்ணி போயிரும்னு இப்படித்தான் பொத்திக்கிடுவேன்" என்றார். விரலை எடுக்கவே இல்லை. என்ன சொல்கிறார் என்று மேடம் என்னிடம் கேட்டார். இந்தியில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் பேச்சை விட்டுவிட்டு என் காதுக்கு முன்னால் விரலை வைத்துக் காட்டினேன். மேடத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

ரிசல்ட் வந்தது. தலை இல்லாததால் அவன் ஃபெயில். ஆனால் காதுக்கு முழு மார்க் போட்டிருந்தார் மேடம், ஓட்டைக்கு ஒரு மார்க் கூடக் குறைக்கவில்லை. நான் உருளைக்கிழங்கோடு பாஸ். அடுத்த வாரம் தாராவிக்குப் போனபோது செல்வத்தின் படத்தில் மாலை இருந்தது. ரீசார்ஜ் செய்யச் சொல்வதும் நின்றுவிட்டதாம்.

இப்போது அவன் ஐரோலியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். சாமான் விற்கிற வெப்சைட்டுகளுக்கு சோபா, நாற்காலியெல்லாம் கம்ப்யூட்டரில் செய்து கொடுக்கிற வேலை. "சோபாவுக்குக் காது கெடயாது, நிம்மதி" என்பான். ஒருமுறை அவனிடம், அன்றைக்கு மூடச் சொன்னது நான்தானே, மன்னித்துவிடு என்றேன்.

"போல, கிறுக்கா. நீ மூடச் சொன்னதாலதான அஞ்சு நிமிசம் எங்கம்மா சிரிச்சா. அதுக்கு முன்னாலயும் அப்படிச் சிரிச்சுப் பாக்கல, பொறவும் பாக்கல."

"அப்புறம் ஏண்டா திறந்தே?"

"காத வச்சுக் கண்டுபிடிச்சேன்னு ஏற்கனவே ஒரு பொய்யச் சொல்லித்தான ஒரு வருசம் அவளத் தூங்கவிடாம வச்சிருந்தேன்."

போன மாதம் கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். நல்ல மழை. ரெயின்கோட், மூக்கு வரைக்கும் மாஸ்க், பெற்ற அம்மாவுக்கே என்னைத் தெரிந்திருக்காது. பின்னாலிருந்து முதுகில் ஓங்கி ஓர் அடி. "ஏல, எடது காது!"

நானும் தினமும் கூட்ட நேரத்து வண்டியில் தொங்கிக்கொண்டு போகிறவன்தான். அதனால் முடிவெட்டுகிறவரிடம் ஒன்று மட்டும் மறக்காமல் சொல்லிவிடுவேன்: இடது காது நன்றாகத் தெரிய வேண்டும். எங்கேயாவது எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்ததுமே நான்தான் என்று சொல்ல இந்த ஊரில் ஒருவன் இருக்கிறான்.