அந்தோணியார் ரொட்டி தின்ற குரங்குகள்

இயேசு மரி சூசை துணை

பாயான் பாரு

தைப்பிங்கில் இருக்கும் அன்புமிக்க சூசை அண்ணனுக்குத் தங்கை சவுந்தரம் சிலுவை வரைந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மச்சானும் ஜெஃப்ரியும் சுகம். அண்ணியின் கால் வலிக்குத் தினமும் ஒரு அருள்நிறை மரியே சொல்கிறேன். குரங்குகள் சுகமா என்பதுதான் தெரியவில்லை.

ஜெஃப்ரிக்கு வேலை கிடைத்தால் செவ்வாய்தோறும் ஏழைகளுக்கு ரொட்டி கொடுப்பதாக அந்தோணியாருக்கு நேர்ந்தேன் அல்லவா, வேலை கிடைத்துவிட்டது, ஏழைதான் கிடைக்கவில்லை. கீழ்வீட்டு எவ்லினிடம் நீட்டினால் "எனக்கு இனிப்பு நீர் லா அக்கா, ரொட்டி ஆகாது" என்கிறாள், மற்றவர்கள் காடியை விட்டு இறங்குவதேயில்லை, அப்போதுதான் பின்னால் உள்ள குன்றிலிருந்து குரங்குகள் இறங்கின. குன்றில் பாதியை வெட்டிக் காண்டோ மாடிவீடுகள் கட்டிவிட்டார்கள், வீடும் இல்லை, சோறும் இல்லை, வயிற்றில் தொங்குகிற குட்டி வேறு, இதைவிட ஏழை யார் என்று ஜன்னல் வழியே கொடுத்தேன். தாய்க்குரங்கு இரண்டு கையாலும் வாங்கினது, அண்ணே, நம் கோயிலில் நற்கருணை வாங்குகிறவர்கள்கூட அவ்வளவு பயபக்தியாக வாங்குவதில்லை.

ஆனால் அதுகளுக்குச் செவ்வாய் எது, புதன் எது? தினமும் வந்தன. என் ஜன்னல் சாத்தியிருந்தால் அடுத்த ஜன்னல். எவ்லின் வீட்டுத் துணிக்கம்பில் ஊஞ்சல், பக்கத்து வீட்டு ஹாஜரா அக்காவின் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கூரைமேல். "நேர்ந்தது ஒங்க அந்தோணியாருக்கு, போறது என் நாசி லெமாக்கா?" என்று அவர் போட்ட புகாரில் குப்பைத்தொட்டிப் பக்கம் கூண்டு வந்து இறங்கியது. அதை வைக்க வந்த இலாகா ஆள் குணாளன் தம்பியிடம் ஓடினேன்.

"பிடிச்சா காட்டுல விட்டுடுவீங்கதானே தம்பி?"

"எந்தக் காட்டுல அக்கா? மனுசன் கையால தின்னு பழகினது, எங்க விட்டாலும் இன்னொரு ஜன்னலத் தேடித்தான் வரும். ஊசி போட்டு முடிக்கறதுதான்."

கூண்டுக்குள் தொங்கியது ரொட்டி. என் ரொட்டியேதான், அதே கடை. சவுந்தரம் கொடுத்தது என்று நம்பி உள்ளே போய் உட்காருமே!

மறுநாள் காலை தாய் வந்து கை நீட்டியது. ஒரு கையில் ரொட்டியைக் காட்டிக்கொண்டே மறு கையால் இட்லிப் பானையைக் கரண்டியால் அடித்தேன், அந்தோணியாரே, கோடி அற்புதரே என்று அழுதுகொண்டே அடித்தேன், வாளித் தண்ணீரையும் ஊற்றினேன். "அம்மா, பேய் ஓட்டுறியா?" என்கிறான் ஜெஃப்ரி. குட்டி அலறியது. தாய் மதில்மேல் நின்று திரும்பிப் பார்த்தது. கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன், தான் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல் பார்த்தது, அண்ணே.

தினமும் அடித்தேன். ரொட்டியைக் கண்டாலே ஓடும்வரை அடித்தேன். கூண்டு காலியாகவே திரும்பிப் போனது. இப்போது ரொட்டி எங்கள் ஃபிளாட்டைக் காவல் காக்கும் நேப்பாளத் தம்பிக்கு. பானையைக் கழுவி மேலே ஏற்றிவிட்டேன், நெளிந்து போனதில் இட்லி கோணலாக வருகிறது. நேர்ச்சையை நடுவில் மாற்றியது பாவமா என்று உங்கள் பங்குச் சாமியாரிடம் கேட்டு எழுதவும். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் மாதா காவல் இருக்கட்டும்.

பாசமுள்ள தங்கை,
சவுந்தரம்

பி.கு.: உறையை ஒட்டும்போது பக்கத்து ஜன்னலில் குரல் கேட்டது. "அந்தச் சவுந்தரம் அடிச்சாளா கண்ணு? நீ தின்னும்மா." எட்டிப் பார்த்தேன். புகார் போட்ட அதே ஹாஜரா அக்கா, கையில் நாசி லெமாக், எதிரே என் தாய்க்குரங்கு. குட்டி நன்றாகத் தேறியிருக்கிறது. பானையை மேலே ஏற்றிவிட்டதாக எழுதியதை மறந்துவிடுங்கள், அதை இறக்கி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன்.